ஒளி சுமப்பதற்கு மட்டுமா?

ஒளியைப் பற்றி நம் நாட்டுப் பொறியியலாளர்களிடையிலும், அவர்களிடம் பாடம் கேட்கும் மாணவர்களிடையிலும், ஃபைபர் இழுத்து வீடுவீடாக இணைப்புக் கொடுத்து ஜீவனம் நடத்துகிறவர்களிடையிலும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. தகவலைத் தூரதேசத்துக்குக் கொண்டுசேர்ப்பது ஒளியின் தொழில். அதைப் பிரித்து, திருத்தி, திசைமாற்றிக் கணக்கிடுவது எலெக்ட்ரானின் தொழில். இந்தப் பிரிவினையை இயற்கையே வகுத்துவிட்டது. ஆகையால் வலைப்பின்னல்களில் ஓடும் தகவலை ஒளியைக் கொண்டே பக்குவப்படுத்தலாம் என்று சொல்கிறவர்கள் நாற்பது வருஷமாகப் பலிக்காத ஒரு சொப்பனத்தைக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்கிறவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்களிடம் வலுவான நியாயங்கள் சில உண்டு. அவற்றை ஒளிக்காமல் எடுத்துவைத்தே மறுக்க விரும்புகிறேன். ஆனாலும் அந்த அபிப்பிராயம் சரித்திரத்துக்கும் பௌதிகத்துக்கும் விரோதமானது என்பதிலும், அதை நம்பி நம் பிள்ளைகளை வளர்ப்பது பெரும் நஷ்டம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில், கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்போம். விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் சாலையில் எங்கள் மல்லாங்கிணறு இருக்கிறது. கரிசல் பூமியின் ஊர். இன்று இங்கே மின்கம்பங்களில் கறுப்புக் கம்பி தொங்காத தெரு இல்லை. கேபிள் இணைப்புக் கொடுக்க வரும் பையன் அந்தக் கம்பியின் மேலுறையை உரித்து, உள்ளே தலைமயிரை ஒத்த கண்ணாடி இழையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, கிளீவரில் வைத்து நுனியைச் செங்குத்தாக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினுக்குள் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே படுக்கவைத்து மூடுகிறான். திரையில் அவை ஒன்றையொன்று தேடி நெருங்குகின்றன. ஒரு மின்பொறி சீறுகிறது. இரண்டு கண்ணாடிகளும் உருகி ஒன்றாகிவிடுகின்றன. அந்த இழையின் குறுக்களவு 125 மைக்ரான்; ஒளி செல்லும் உட்கருவோ ஏறத்தாழ 9 மைக்ரான்தான். பவர் மீட்டரைச் சொருகி, “மைனஸ் இருபது வருது, போதும்” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான்.

அவன் கம்பத்தின்மேல் கட்டிவைத்துவிட்டுப் போகும் சிறு பெட்டிக்குள் ஸ்பிளிட்டர் என்ற ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதற்கு மின்சாரம் கிடையாது, பாட்டரி கிடையாது, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒரே இழையில் வந்த ஒளியை அது எட்டுப் பங்காக்கி எட்டு வீடுகளுக்கு அனுப்புகிறது. அதாவது ஒரே தகவலுக்கு எட்டுப் பிரதிகள் எடுக்கிறது. அதே இழையில் ஊருக்குள் வரும் தகவல் 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து திரும்பும் தகவல் 1310 நானோமீட்டரிலும், தொலைக்காட்சி 1550 நானோமீட்டரிலும் ஒன்றையொன்று தொடாமல் போய்வருகின்றன. அவற்றைச் சேர்ப்பதும் பிரிப்பதும் மெல்லிய படலங்களின் வேலை. பிரதியெடுத்தலும், சேர்த்தலும், வகைபிரித்தலும் தகவலின்மேல் செய்யும் காரியங்கள் அல்லவென்றால், வேறெதைத்தான் காரியம் என்பது? ஒளி சுமக்க மட்டுமே தகும் என்று நம்புகிற கிராமத்துக் கேபிள்காரர்கூட அந்த நம்பிக்கைக்கு மாறான ஒரு சாட்சியத்தைத் தம் கையாலேயே கம்பத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் வெறும் குழாய் வேலை, இதில் புத்தி எங்கே இருக்கிறது என்பார்கள். நல்லது, குழாய் வேலை என்று ஒருவரும் சொல்லத் துணியாத ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1966-ல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்ஹாமும், கண்ணாடியைப் போதிய அளவு சுத்தப்படுத்தினால் ஒளியைக் கொண்டு நெடுந்தூரம் பேசலாம் என்று எழுதினார்கள். 1970-ல் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையை இழுத்தும் காட்டியது. ஆயினும் எத்தனை சுத்தமான கண்ணாடியிலும் ஒளி மங்கத்தான் செய்யும். மங்கிய ஒளிக்கு மறுபடி உயிரூட்ட அன்று ஒரே வழிதான் கையில் இருந்தது: ஒளியை மின்சாரமாக்கி, மின்சாரத்தைச் சீர்செய்து பெருக்கி, மீண்டும் லேசரால் ஒளியாக்கி அனுப்புவது. 1988-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் போடப்பட்ட முதல் ஒளியிழைக் கம்பியான டேட்-8 அப்படித்தான் வேலைசெய்தது. கடலடியில் உறங்கும் அந்தப் பெட்டிகள் ஒரே வேகத்துக்கென்று செய்யப்பட்டவை. வேகத்தைக் கூட்ட விரும்பினால் கம்பியையே மாற்றவேண்டும். பெருக்குவது எலெக்ட்ரானின் தனியுரிமை என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால், நடைமுறை முழுவதும் அவர் பக்கம்தான் இருந்திருக்கும்.

அப்படியிருக்க, 1987-ல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும், பெல் ஆய்வுக்கூடத்தில் இம்மானுவேல் டிசர்வியரின் குழுவும், எர்பியம் என்ற அரிய உலோகத்தைச் சிறிதளவு கலந்த கண்ணாடியிழை ஒளியை ஒளியாகவே பெருக்குவதைக் காட்டிவிட்டன. இதன் தத்துவம் எங்கள் பிரதேசத்தாருக்கு அந்நியமானதன்று. ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பாக எரியும், பச்சை உப்பு என்று சிவகாசியில் வழங்கும் பேரியம் நைட்ரேட் பச்சையைத் தரும், தாமிரம் நீலத்தையும் சோடியம் மஞ்சளையும் தரும் என்பதைப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர்கள் தலைமுறையாக அறிவார்கள். பேரியத்தைச் சுப்ரீம் கோர்ட்டு விலக்கிய பிறகு பச்சைக்கு எங்கே போவது என்று அவர்கள் தவித்த தவிப்பே, ஒரு பொருள் தரும் நிறத்தை இன்னொரு பொருள் எளிதில் தந்துவிடாது என்பதற்கு அத்தாட்சி. ஒவ்வொரு பொருளுக்கும் இயற்கை இன்ன நிறம் என்று விதித்திருக்கிறது. எர்பியத்துக்கு விதித்த நிறம் கண்ணுக்குத் தெரியாத 1550 நானோமீட்டரை ஒட்டியது. கண்ணாடியில் ஒளி மிகக் குறைவாக மங்குவதும் அதே இடத்தில்தான். 980 நானோமீட்டர் லேசரால் எர்பியம் அணுக்களைத் தூண்டிவைத்தால், அவ்வழியே செல்லும் பலவீனமான ஒளி ஒவ்வோர் அணுவிடமிருந்தும் தன்னைப் போன்ற ஒளியையே வாங்கிக்கொண்டு வலுத்துப் போகிறது. எண்பது நிறங்கள் ஓடினாலும் எண்பதும் ஒருங்கே பெருகுகின்றன. அவற்றின் வேகம் என்ன, மொழி என்ன என்று அந்த இழை கேட்பதில்லை.

1996-ல் டேட்-12, 13 கம்பிகள் அட்லாண்டிக்கில் இறங்கியபோது நடுவழியில் மின்சாரமாகும் அவசியம் ஒழிந்துபோயிற்று. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்ட, சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடற்கம்பியில், சென்னையில் புறப்பட்ட ஒளி போர்ட் பிளேர் கரையேறும்வரை ஒளியாகவே இருக்கிறது. இன்னொரு பெருக்கியின் பெயரோ திருவானைக்காவலில் பிறந்தவருடையது. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி சந்திரசேகர வேங்கடராமன் கண்ட விளைவைக் கொண்டே, எர்பியமும் இல்லாமல், சாதாரணக் கண்ணாடியிழையையே நெடுக ஒரு பெருக்கியாக்கிவிடுகிறார்கள். ராமன் விளைவைப் பரீட்சைக்காக ஒப்புவிக்கும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு, அது கையிலிருக்கும் செல்போனுக்குச் செய்தி வரும் பாதையில் இன்று உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியும்?

அடுத்தது திசைமாற்றுவது. சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஏற்றித் தில்லிக்குப் புறப்பட்ட லாரி, மதுரையிலும் சேலத்திலும் பெங்களூரிலும் நாகபுரியிலும் நின்று, சரக்கு முழுவதையும் இறக்கி, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எண்ணி, மறுபடி கட்டி, வேறு லாரியில் ஏற்றித்தான் மேலே போகவேண்டும் என்று ஒரு விதி இருந்தால், அந்த வியாபாரம் எத்தனை நாள் நிற்கும்? ஒவ்வொரு சந்திப்பிலும் ஒளியை மின்சாரமாக்கி மீண்டும் ஒளியாக்குவது அத்தகைய விதியே. வந்துசேரும் தகவலில் பெரும்பகுதி அந்த ஊருக்கு உரியதே அன்று, கடந்துபோவது. கடந்துபோவதைத் தொடாமல் விடுவதே விவேகம். இன்றைய பெருஞ்சந்திப்புகளில் வரும் ஒளியை ஒரு கீற்றணி நிறம் நிறமாகப் பிரிக்கிறது. திரவப்படிகப் பலகை ஒன்று ஒவ்வொரு நிறத்தையும் அதற்குரிய வாசலுக்குத் திருப்புகிறது. உள்ளே உள்ள ஒரு பிட்டைக்கூட எவரும் படிப்பதில்லை. கூகிள் நிறுவனம் தன் தரவு மையங்களின் நடுவிலிருந்த மின்னணு ஸ்விட்சுகளை எடுத்துவிட்டு, நுண்ணிய கண்ணாடிகள் சாய்ந்து ஒளியைத் திருப்பும் ஸ்விட்சுகளை வைத்ததையும், அந்தப் புதிய அமைப்பால் மின்செலவு 41 சதவீதம் குறைந்ததையும் 2022-ல் அதன் பொறியியலாளர்களே எழுதினார்கள். கணக்குப் பார்த்துச் செலவிடும் கம்பெனி சொப்பனத்துக்கு இவ்வளவு பணம் கொடுக்குமா?

இனி எதிர்வாதிகளின் கையிலுள்ள கூரிய ஆயுதத்துக்கு வருகிறேன். ஒளியிழையில் நெடுந்தூரம் போகும் துடிப்பு பரவிக் கலங்கிவிடும். இதற்குப் பிரிகை என்று பெயர். முன்பு இதைச் சரிசெய்ய, எதிர்மாறான பிரிகையுள்ள இழையைச் சுருள்சுருளாக வைத்தார்கள். ஒளியின் நோய்க்கு ஒளியிலேயே மருந்து. 2010-ஐ ஒட்டி, ஒளியின் வீச்சையும் கட்டத்தையும் ஒருசேர அளக்கும் பெறுவான்களும், அளந்ததை அதிவேகத்தில் கணக்கிட்டுத் திருத்தும் சிப்புகளும் வந்தவுடன், அந்தச் சுருள்களைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஒளி செய்துகொண்டிருந்த வேலையை எலெக்ட்ரான் பறித்துக்கொண்டது அல்லவா, சரித்திரம் எங்கள் பக்கம் அல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

பறித்துக்கொண்டது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லவேண்டும். விநாடிக்கு 400 ஜிகாபிட் தகவலைக் கையாளும் விரலளவு மாட்யூல் ஒன்று ஏறத்தாழ 15 வாட்டு மின்சாரம் குடிக்கிறது. அதில் பெரும்பங்கு அந்தக் கணக்குச் சிப்புக்கே போகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு சிப்பு. எண்பது நிறத்துக்கு எண்பது. மறு கரையிலும் அத்தனையே. இது மட்டுமா? ஒளியின் பலம் கூடக்கூடக் கண்ணாடியே தன் குணம் மாறி அந்த ஒளியைக் கலக்குகிறது. இந்த இரண்டாவது கலக்கத்தைக் கணக்கிட்டுத் திருத்த, ஒளி வந்த வழி முழுவதையும் எண்களால் பின்னோக்கி நடந்துபார்க்கவேண்டியிருப்பதால், அதற்கான கணக்கு மலைபோலப் பெருகி, நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிடுகிறது. எலெக்ட்ரான் பக்கத்தார் தங்கள் வெற்றியைச் சொல்லும்போது இந்த இடத்தில் மட்டும் மௌனமாகிவிடுகிறார்கள்.

இந்த இடத்திலேதான் ஒளி தன் சொந்த வித்தையோடு வந்து நிற்கிறது. கண்ணாடியில் அல்லது குறைக்கடத்தி ஒளிப்பெருக்கி ஒன்றில், தகவல் ஏற்றிய ஒளியோடு பலத்த தூய லேசர் ஒளியையும் சேர்த்து விட்டால், அவை கலந்து அங்கே முன்பு இல்லாத ஒரு புது நிறம் பிறக்கிறது. இதை நான்கலைக் கலப்பு என்பார்கள். அந்தப் புது ஒளி, பழைய ஒளியின் தகவலை அப்படியே தாங்கி, ஆனால் கட்டம் மட்டும் தலைகீழாகிப் புறப்படுகிறது. பாதையின் நடுவில் இந்தப் புரட்டலைச் செய்துவிட்டால், முதற்பாதியில் சேர்ந்த கலக்கத்தை இரண்டாம் பாதியின் கண்ணாடியே கழித்துவிடுகிறது. பிரிகையை மட்டுமன்றி, ஒளியின் பலத்தால் வந்த கலக்கத்திலும் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. கணக்கு இல்லை, காத்திருத்தல் இல்லை. பல நிறங்களை ஒரே வீச்சில் புரட்டவும் கூடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தீபா வெங்கிடேஷும் அவருடைய மாணவர்களும் குறைக்கடத்திப் பெருக்கிகளைக் கொண்டு, ஒளியின் தளவிளைவு, அதாவது அலை அதிரும் திசை, எப்படி இருந்தாலும் வேலைசெய்யும் கட்டப் புரட்டலை 2018-ல் வெளியிட்டார்கள். எலெக்ட்ரான் மலைத்து நிற்கும் கணக்கைக் கண்ணாடி போகிறபோக்கில் முடிக்கும் இந்த விந்தை நம் அடையாற்றங்கரைக்குப் பக்கத்திலேயே நடந்திருக்க, பலிக்காத சொப்பனம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

நேர்மையாகச் சொல்லவேண்டியதும் உண்டு. நடுவழிப் புரட்டலுக்குப் பாதை ஏறத்தாழச் சமச்சீராக அமையவேண்டும்; சேர்த்து விடும் அந்தப் பலத்த லேசருக்கும் மின்சாரம் வேண்டும்; நிறம் மாறிவிடுவதால் அலைவரிசைத் திட்டத்தையும் திருத்தி வகுக்கவேண்டும். இவை கஷ்டங்கள், ஆனால் எஞ்சினியரின் கஷ்டங்கள்.

வேறு இரண்டு ஆட்சேபங்கள் இதைவிடப் பழமையானவை. ஒளியை நிறுத்திவைக்க முடியாது என்பது ஒன்று. முடியாதுதான், கண்ணாடியில் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியை ஐந்து மைக்ரோவிநாடி தாமதிக்கச் செய்யவே ஒரு கிலோமீட்டர் இழையைச் சுற்றிவைக்கவேண்டும். மற்றொன்று, ஒளியும் ஒளியும் ஒன்றையொன்று எளிதில் தள்ளமாட்டா. டிரான்சிஸ்டரின் வாயில் இருபது நானோமீட்டருக்குள் அடங்க, ஒளியின் பாதைக்குச் சிலிக்கனில்கூட அரை மைக்ரான் அகலம் வேண்டும். ஆகையால் ஒளியால் தர்க்கவாயில் கட்டிக் கம்ப்யூட்டர் செய்வது வீண் என்பது. 1990-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹுவாங்கின் குழு அத்தகைய ஒளி யந்திரம் ஒன்றை உலகுக்குக் காட்டியது. அது சந்தைக்கு வரவில்லை. 2010-ல் ஒளியியல் அறிஞர் டேவிட் மில்லர், டிரான்சிஸ்டரின் இடத்துக்கு வர விரும்பும் ஒளிக்கருவி எந்தெந்தச் சோதனைகளில் தேறவேண்டும் என்று வரிசைப்படுத்தி, அவை எத்தனை கடினமானவை என்பதையும் காட்டினார்.

இவற்றை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தகவலைச் சேமித்துவைப்பதும், பாக்கெட்டின் தலைப்பைப் படித்து ‘ஆமெனில் இப்படி, இல்லையெனில் அப்படி’ என்று கிளைபிரிந்து தீர்மானிப்பதும் எலெக்ட்ரானின் வேலையாகவே இருக்கட்டும். ஆனால் எதிர்வாதிகள் இங்கிருந்து ஒரு பெரிய தாவல் தாவுகிறார்கள். ஒளி டிரான்சிஸ்டரைப் போல் வேலைசெய்ய முடியாது என்பதிலிருந்து, ஒளி வேலையே செய்ய முடியாது என்ற முடிவுக்குப் போகிறார்கள். தகவலைப் பக்குவப்படுத்தல் என்பது தர்க்கவாயிலோடு முடிந்துவிடுகிறதா? பெருக்கல், கூட்டல், வடிகட்டல், நிறமாற்றம், கட்டமாற்றம், அலைகளை அவற்றின் அதிர்வெண்களாகப் பகுத்துக்காட்டல் ஆகிய யாவும் பக்குவப்படுத்தலே. எளிய லென்ஸ் ஒன்று தன் குவிதளத்தில் பிம்பத்தின் ஃபூரியர் உருமாற்றத்தைத் தானாகவே எழுதிவிடுகிறது. 2017-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் சிலிக்கன் சிப்பில் ஒளியைப் பிரித்தும் சேர்த்தும் குறுக்கீட்டால் அணிப்பெருக்கல் செய்து காட்டினார்கள். ஒளியும் ஒளியும் எளிதில் மோதா என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள், எண்பது நிறங்கள் ஒரே இழையில் தகராறின்றி ஓடுவது அந்தக் குணத்தால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1550 நானோமீட்டர் ஒளி விநாடிக்கு 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது; மிகச் சிறந்த மின்னணுச் சுற்றும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பின்தொடர்வதற்குள் திணறிப்போகிறது. அப்படிப்பட்ட வேகத்தில் ஓடுவதை ஓட்டத்திலேயே திருத்துவதை விட்டு, ஒவ்வொரு முறையும் நிறுத்திப் படித்து எழுதி அனுப்பச் சொல்வது எந்த நியாயம்?

கடைசியாக ஒரு வாதம் உண்டு. இதை எங்கள் பக்கத்தில்தான் அதிகம் கேட்கிறேன். இதெல்லாம் பெரிய தேசங்களின் விளையாட்டு. நமக்கு ஃபைபர் வந்தாயிற்று. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பாரத்நெட் வேலை நடக்கிறது. பெட்டியை வாங்கி மாட்டுவதை விட்டு அதற்குள் இருப்பதைப் பற்றி நம் பிள்ளைகள் ஏன் தலையை உடைத்துக்கொள்ளவேண்டும் என்பது. இந்த வாதம் மற்ற எல்லாவற்றையும்விட என்னை வருத்துகிறது. ஏனென்றால் இது வேறெங்கே பிறந்தாலும் பிறக்கலாம், விருதுநகர் ஜில்லாவில் பிறக்கக்கூடாது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, தீப்பெட்டி தாராளமாகக் கடையில் விலைக்குக் கிடைத்தது. அந்நிய நாட்டுச் சரக்கு தரமாகவும் இருந்தது. வாங்கிக்கொண்டால் போதுமென்று அவர்கள் இருந்திருந்தால் மழை பொய்த்த இந்தச் சீமையில் தீப்பெட்டியும் இல்லை, பட்டாசும் இல்லை, அவற்றுக்கு லேபிள் அடிக்கப்போய் வளர்ந்த அச்சுத்தொழிலும் இல்லை.

சிப்பு வார்க்கும் ஆலை நம்மிடம் இல்லையே என்பார்கள். ஒளிச்சிப்புக்கு மிக நுண்ணிய, மிக விலையுயர்ந்த ஆலை தேவையில்லை. அரை மைக்ரான் பாதையை வரைய இருபது வருஷம் முந்திய யந்திரங்களே போதும். தவிர, பலருடைய வரைபடங்களை ஒரே தகட்டில் சேர்த்து வார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வெளிநாடுகளில் இருப்பதால், ஆலை இல்லாத கல்லூரியும் தன் சிப்பை வரைந்து அனுப்பி வரவழைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உதவியோடு, பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையில், நிரல்படுத்தத்தக்க ஒளிச்சிப்புகளுக்கென்றே ஒரு மையம் நடக்கிறது. மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறினால் ஒரே இரவில் போய்ச் சேரும் தூரத்தில்.

குறை இருக்குமிடம் வேறு. எங்கள் ஜில்லாவில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒளித்தொடர்பு ஒரு பாடமாகவும் இருக்கிறது. அந்தப் பாடத்துக்கு வழக்கமாக வைக்கும் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், நான்கலைக் கலப்பும் ராமன் சிதறலும் ‘இழப்புகள், இடையூறுகள்’ பேசப்படும் பக்கங்களில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. எப்படி அவற்றைத் தவிர்ப்பது என்று இரண்டு மார்க் கேள்வி வருகிறது. எப்படி அவற்றை வேலைவாங்குவது என்ற கேள்வியைக் காணோம். சுமப்பது மட்டுமே ஒளியின் தொழில் என்ற அபிப்பிராயம் பிள்ளைகளின் மனத்தில் முதலில் எழுதப்படும் இடம் அந்தப் பக்கங்களே. அவற்றை இடையூறுகளின் அத்தியாயத்திலிருந்து பெயர்த்துக் கருவிகளின் அத்தியாயத்தில் வைக்கவேண்டும். ஓர் எர்பியம் பெருக்கி, ஒரு குறைக்கடத்திப் பெருக்கி, இரண்டு லேசர், ஓர் அலைமாலை அளவி ஆகியவற்றைக் கொண்ட மேஜை ஒன்றைக் கல்லூரிகள் நாலைந்து கூடிப் பணம்போட்டாவது வாங்கி, கடைசி வருஷத்துப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே இரண்டு ஒளிகளைக் கலந்து மூன்றாவது நிறத்தைத் திரையில் எழுப்பிப் பார்க்கும்படி செய்யவேண்டும். இந்தக் கோடை விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறப்பதற்குள் அதைத் தொடங்கிவிடலாம்.